பதினாலாம் தட்டு

சைட்டில் என் பெயர் யாருக்கும் தெரியாது. உலுக்கி என்று கேட்டால் கை காட்டுவார்கள். சாரத்தில் கால் வைப்பதற்கு முன் கம்பத்தைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிப் பார்ப்பது என் வழக்கம். கிளாம்ப் இறுகியிருக்கிறதா, பலகை தூக்குகிறதா என்பதையெல்லாம் அந்த ஒரு உலுக்கிலேயே கை சொல்லிவிடும். பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் மாடிப்படிக் கைப்பிடி, கட்டில் கால், பஸ் சீட் என்று எதையும் விடுவதில்லை. வந்திருப்பது புருஷனா பூகம்பமா என்று மனைவி கேட்பாள். பத்து நாள் தாண்டினால் குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். சைட்டுக்குப் போனால் வீட்டு நினைப்பு, வீட்டுக்கு வந்தால் சைட் நினைப்பு. இருபத்திரண்டு வருஷம், பதினோரு சைட், எதிலும் நான் முழுசாக இருந்ததில்லை.

சாரம் கட்டும் சூப்பர்வைசரைக் கம்பெனி கூப்பிடுவதே ரோடு முடிகிற இடத்துக்குத்தான். இந்தத் தடவை ரோடு முடிந்தும் நாலு மணி நேரம் வண்டியில் போக வேண்டியிருந்தது. நடுவில் எரிவாயு ஆலை, ஒரு ஓரத்தில் தகரக் கேம்ப், மிச்சமெல்லாம் காற்று. கேம்ப் வைஃபையில் 'நலம்' என்று ஒரு வார்த்தை அனுப்பினால் மறுநாள்தான் போய்ச் சேரும். ஆபீஸ் போனில் பேசலாம், ஆனால் கிளார்க் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கதை கேட்பார்.

சிக்னல் ஒரே இடத்தில்தான் கிடைத்தது. ஆலையின் நடுவே முப்பது மீட்டர் உயரத்துக்கு ஒரு இரும்பு டவர். அதைச் சுற்றி நாங்கள் கட்டிய சாரத்தில் பதினாலாவது தட்டு, மேற்குப் பக்கம், மூன்றாவது பலகை. அங்கே நின்றால் போனில் நாலு கோடு, ஒரு அடி தள்ளி நின்றால் ஒன்றும் இல்லை. ஆலையில் இன்னும் வாயு விடவில்லை, அதனால் போனுக்குத் தடை கிடையாது. எங்கள் ஆட்கள் அதற்கு டெலிபோன் பூத் என்று பெயர் வைத்தார்கள். வேலை முடிந்ததும் நாலு பேர் நாலு பேராக ஏறி, ஆளுக்குப் பத்து நிமிஷம். நான்தான் அனுமதித்தேன். பெண்டாட்டி பிள்ளையோடு பேசிவிட்டு வருகிறவன் மறுநாள் கிளாம்பை ஒழுங்காக இறுக்குவான் என்பது என் கணக்கு.

சேஃப்டி ஆபீசருக்கு அது பிடிக்கவில்லை. சின்னப் பையன், என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், எதற்கெடுத்தாலும் ஊதுவான். அதனால் அவன் பெயரும் விசில்தான், வைத்தது நான். அவன் ஊதினால் நான் காதைக் குடைந்துகொள்வேன், என் ஆட்கள் சிரிப்பார்கள். காகிதத்தில் சாரம் கட்டுகிறவன் என்று அவன் காது படவே சொல்லியிருக்கிறேன்.

இப்போது என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். காலேஜ் முடித்துவிட்டு சேஃப்டி கோர்ஸ் படிக்கிறேன் என்றாள். ஏதோ ஒரு ஃபாக்டரியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ரிஜிஸ்டர் எழுதுவாள் என்று நினைத்து நானும் தலையாட்டினேன். கோர்ஸ் முடிந்த மூன்றாவது மாதம் வெளிநாட்டில் வேலை கிடைத்தது, சேஃப்டி ஆபீசராக. ரோடு முடிந்தும் ஆறு மணி நேரம் போக வேண்டிய சைட். மூன்று வாரம் கழித்து வரும் வியாழக்கிழமை மாலைக்குள் அவள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று பதில் அனுப்பியாக வேண்டும்.

"நீங்க வேண்டாம்னா போக மாட்டேம்பா," என்றாள். "ஆனா ஏன்னு சொல்லணும்."

அந்த ஏன் என்ற ஒரு சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன். என் மனைவியிடம் தள்ளிவிடப் பார்த்தேன். அப்பாவும் பொண்ணும் பேசிக்கொள்ளுங்கள், நடுவில் நான் தபால்காரி இல்லை என்று அவள் ஒதுங்கிக்கொண்டாள். மூன்று வாரம் தினமும் பதினாலாம் தட்டுக்கு ஏறினேன். வெயில், சாப்பாடு, பக்கத்து வீட்டு மோட்டார் ரிப்பேர் எல்லாவற்றையும் பேசினேன். கடைசி நிமிஷத்தில் அவளே ஆரம்பிப்பாள். நான் மென்று முழுங்கி, நாளைக்குப் பேசலாம் என்று வைத்துவிடுவேன்.

அதற்குள் டவரில் வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை டவரைச் சுற்றித் தகடு போடுகிறவர்கள் வந்து, மேலே மூன்று இடத்தில் சாரத்தின் டை வழியில் நிற்கிறது, கழற்றிக் கொடுங்கள் என்றார்கள். டை என்பது சாரத்தை டவரோடு பிடித்து வைக்கும் குறுக்குக் குழாய். அது இல்லாவிட்டால் சாரம் தன் காலில் தனியாக நிற்கும். கீழே பாதி வரை நிற்கும், மேலே காற்று வைத்ததுதான் சட்டம். கழற்றிக் கொடுத்தோம். அவர்கள் தகட்டை மூடிவிட்டு இறங்கிவிட்டார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சாரத்தின் அடியிலும், ஏணிக்குப் பக்கத்தில், ஒரு கார்டு தொங்கும். பச்சை என்றால் ஏறலாம், சிவப்பு என்றால் எவனும் ஏறக் கூடாது. டை மேல் ஸ்பானர் வைக்கும் முன்னாலேயே பச்சையை எடுத்துவிட்டுச் சிவப்பை மாட்ட வேண்டும். இதை நானே நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமையும் சிவப்புக் கார்டை எடுத்து, தேதி போட்டு, டை இல்லை என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். மாட்டப் போகும்போது ஒரு யோசனை வந்தது. சிவப்பைத் தொங்கவிட்டால் நானும் ஏற முடியாது, ஏறினால் விசில் பார்த்துவிடுவான். சாரத்தைப் பிரித்துவிட்டால் போனே கிடையாது. வியாழக்கிழமை வரை இன்னும் இரண்டு மாலைதான் பாக்கி. கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பிரிக்க வேண்டிய ஆட்களைப் பம்ப் ஹவுஸுக்கு அனுப்பிவிட்டேன். இன்று முதல் பூத் மூடியாச்சு, யாரும் ஏற வேண்டாம் என்று எல்லோரிடமும் வாயால் சொன்னேன். ஏன் என்று ஒருவன் கேட்டான். சொன்னதைச் செய் என்றேன்.

புதன்கிழமை ஏறினேன். மகளுக்கு லைன் கிடைக்கவில்லை, அவள் எங்கோ பஸ்ஸில் இருந்திருக்கிறாள். இருபது தடவை அடித்துப் பார்த்துவிட்டு இறங்கினேன். அன்று கேம்ப்பில் கட்டிலில் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன், ஷூவைத் துடைத்தேன், துடைத்த ஷூவை மறுபடி துடைத்தேன். அறையில் இருந்த வெல்டர், அண்ணே, நீங்க நடக்கிற தூரத்துக்கு இந்நேரம் ஊருக்கே போயிருக்கலாம் என்றான். பையில் இருந்த கார்டு அட்டைதான், ஆனால் மாரில் குத்திக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்தே காற்று ஏறிவிட்டது. ஐந்தரைக்கு வேலை முடிந்து ஆட்கள் பஸ்ஸைப் பார்த்துப் போகும்வரை காத்திருந்தேன். பச்சைக் கார்டைப் பார்க்காமல் ஏணியில் கால் வைத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கம்பத்தை உலுக்கிப் பார்க்கவில்லை. உலுக்கினால் அது என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

மேலே நின்று போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். ஏழு மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும், சொல்லுங்கள் என்றாள். நான் அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டேன்.

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க. எங்கப்பா நிக்கறீங்க? ஒரே காத்துச் சத்தமா இருக்கு."

எப்போதும் நிற்கிற இடம்தான் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, சாரம் ஆடியது. பலகை என் காலுக்குக் கீழே டவரை விட்டு ஒரு ஜாண் விலகி, திரும்பி வந்து நின்றது. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். ஆறாவது தட்டில் மூன்று மஞ்சள் ஹெல்மெட். வெல்டரும் இன்னும் இரண்டு பேரும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். நம்மை ஏறாதே என்றுவிட்டு இவர் மட்டும் பேசுகிறாரே என்று வந்திருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அடியில் பச்சைக் கார்டு தொங்குகிறது, அதில் என் கையெழுத்து.

"ஏறாதீங்கடா. அங்கேயே நில்லுங்க. மேல டை இல்ல," என்று கத்தினேன். காற்றில் அவர்களுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை தொண்டை கிழியக் கத்தியதில் வெல்டர் நின்றுவிட்டான். ஒவ்வொருத்தனாக, மெதுவாக, குதிக்காமல் இறங்கச் சொன்னேன். அவர்கள் இறங்க ஆரம்பித்த பிறகுதான் போன் இன்னும் காதில் இருப்பது ஞாபகம் வந்தது.

மகள் சத்தம் போடவில்லை. டை எத்தனை கழற்றினீர்கள் என்று கேட்டாள். மூன்று என்றேன். எப்போது என்றாள். செவ்வாய்க்கிழமை என்றேன். அடியில் என்ன கார்டு என்றாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. பச்சைதான் தொங்குகிறது, சிவப்பு என் பையில் இருக்கிறது என்றேன்.

"சாரம் வழியா இறங்காதீங்க," என்றாள். "டவருக்குன்னு சொந்தமா ஒரு இரும்பு ஏணி இருக்கணுமே. இருக்கா?"

இருந்தது. என் முதுகுக்குப் பின்னால், பலகையிலிருந்து அரை அடிகூட இல்லாத தூரத்தில், கூண்டு போட்ட ஏணி. போன வாரம்தான் பெயிண்ட் அடித்து பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்தார்கள். தினமும் அதன் மேல் சாய்ந்துகொண்டு பேசியிருக்கிறேன், ஆனால் அது ஏணி என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிளாஸ்டிக்கைக் கிழித்துவிட்டுப் பெல்ட் கொக்கியை ஏணியில் மாட்டச் சொன்னாள். மாட்டினேன். காலையும் ஏணிக்கு மாற்றச் சொன்னாள். மாற்றினேன், நல்லவேளை சிக்னல் போகவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுக்க நீ யார் என்று கேட்கிற ஆள் நான். அன்று அவள் சொன்னதையெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி செய்தேன்.

ஒரே ஒரு சிக்கல். அந்த ஏணியின் அடியில் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவி விசிலிடம். ஏணி வழியாக இறங்க வேண்டுமென்றால் விசிலைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் எல்லாம் வெட்டவெளிச்சம். சாரம் வழியாகவே நாலு தட்டு இறங்கிவிட்டால் பத்தாவதிலிருந்து கீழே டை இருக்கிறது. இரண்டு நிமிஷ வேலை. புதுச் சிவப்புக் கார்டு ஒன்றை மாட்டிவிட்டு, இன்றுதான் கழற்றினோம் என்று பூசி மெழுகிவிடலாம். ஆட்கள் வாய் திறக்க மாட்டார்கள். இதை அவளிடம் சொன்னேன்.

"அந்த ரெண்டு நிமிஷத்துல நீங்க விழுந்துட்டா நான் என்னப்பா பண்ணுவேன்?" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "வேலை போனாப் போகட்டும். அவரை வரச் சொல்லுங்க."

கீழே தரைக்குப் போய்விட்ட வெல்டரைப் பார்த்து, விசிலைச் சாவியோடு கூட்டி வா என்று கத்தினேன். அவன் தயங்கினான். போடா என்றேன்.

விசில் கேம்ப்பிலிருந்து வர அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரம் ஏணிக்கூண்டில் முதுகைச் சாய்த்து, கொக்கி மாட்டி, போனை ஸ்பீக்கரில் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றேன். நடக்க இடமில்லை, உலுக்க ஒன்றுமில்லை. பக்கத்தில் சாரம் மட்டும் தன் போக்கில் விலகி விலகி வந்துகொண்டிருந்தது. ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் மழுப்ப முடியும். நானே ஆரம்பித்தேன்.

"வேண்டாம்னு சொல்லத்தான் பாப்பா ஏறினேன்."

"தெரியும்பா. ஏன்?"

"நீ போற இடத்துல என்னை மாதிரி ஒருத்தன் இருப்பான். நீ எது சொன்னாலும் சிரிப்பான், ஆளுங்களையும் சிரிக்க வைப்பான். இங்க ஒரு பையனை நான் அப்படித்தான் பண்ணிட்டு இருக்கேன். உன்னை ஒருத்தன் அப்படிப் பண்ணா என்னால தாங்க முடியாது."

சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, காற்று அடித்ததால் யாருக்கும் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

"அப்படி ஒருத்தர் இருக்கறதாலதானேப்பா என்னைக் கூப்பிடறாங்க."

மணி ஆறே முக்கால். அனுப்பிவிடு என்றேன். எதை என்று கேட்டாள், அவளுக்கு என் வாயால் கேட்க வேண்டும். போறேன்னு அனுப்பு என்றேன். அனுப்பிவிட்டுத் திரும்ப லைனுக்கு வந்து, விசில் வந்துட்டாரா என்று கேட்டாள்.

விசில் ஓடி வந்தான். ஊதவில்லை. பூட்டைத் திறந்து, கீழே நின்றபடி ஒவ்வொரு படியாக என்னை இறக்கினான். இறங்கும்போது ஒரு கையால் கார்டைக் கிழித்துக் காற்றில் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. செவ்வாய்க்கிழமைத் தேதி அதில் மட்டும்தான் இருந்தது. தரையில் கால் வைத்ததும் கார்டை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் தேதியைப் படித்தான், என்னைப் பார்த்தான், மறுபடி படித்தான்.

"நான் இதை எழுதித்தான் ஆகணும்ணே," என்றான். அதுவரை அவன் என்னை அண்ணன் என்று கூப்பிட்டதில்லை.

எழுதச் சொன்னேன். பச்சைக் கார்டை நானே கழற்றினேன், சிவப்பை அவன் மாட்டினான். மூன்றாம் நாள் என்னை வண்டியில் ஏற்றினார்கள். இனி இந்தக் கம்பெனியில் எந்த சைட்டிலும் இடமில்லை என்று ஒரு காகிதம். வெல்டர் பெட்டியைத் தூக்கி வைத்தான். பூத் போய்விட்டதில் அவனுக்குக் கோபம் இருந்தது, அது நியாயம்தான். கிளம்பும் முன் விசிலிடம் ஆட்கள் பேசக் கீழேயே ஒரு ஏற்பாடு செய்துகொடு என்று கேட்டுக்கொண்டேன். பார்க்கிறேன் என்றான்.

வீட்டுக்கு வந்து பதினைந்தாம் நாள் மகள் கிளம்பினாள். ஏர்போர்ட்டில் அவள் பெட்டியின் கைப்பிடியை உலுக்கிப் பார்த்தேன். அவள் சிரித்தாள், மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டாம். பத்து நாள் பேச்சே இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். நீங்கள் போய்வந்த இருபத்திரண்டு வருஷமும் நான் இப்படித்தான் நடந்தேன், இப்போது தெரிகிறதா என்று மனைவி கேட்டாள். திட்டுகிற குரலில் கேட்கவில்லை, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டாள். நான் வாங்கிக் குடித்தேன்.

பதினோராம் நாள் போன் வந்தது. எங்கே நின்று பேசுகிறாய் என்றுதான் முதலில் கேட்டேன்.

"தரையிலதாம்பா. ஆபீஸ் போன்ல."

சாப்பாடு பரவாயில்லை, அறை சின்னது என்று சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஒரு சாரத்தில் டை சரியில்லை என்று அவள் சிவப்புக் கார்டு மாட்டியிருக்கிறாள். அங்கே சாரத்துக்கு ஒரு சூப்பர்வைசர், என் வயதுதானாம். நேற்று முளைத்தவள் எனக்குச் சொல்லிக்கொடுப்பதா என்று எல்லோர் முன்னாலும் கத்தியிருக்கிறார். ஆட்கள் சிரித்திருக்கிறார்கள். சாயங்காலம் அவள் கண் முன்னாலேயே கார்டைத் தாண்டி ஏறியும் போயிருக்கிறார். காலையில் அவர் மேல் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றாள்.

அந்த ஆளை அடிக்க வேண்டும் போலிருந்தது. அந்த ஆள் யார் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

"எழுது," என்றேன். "கார்டை எடுக்காத. ஆனா எழுதறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பாரு. மேல போய் அவர் என்ன பண்ணார்?"

"போன் பேசிட்டு இருந்தார்."

நான் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அதை உலுக்கிப் பார்க்கவில்லை.

"யாரோட பேசறார்னு கேளு, பாப்பா," என்றேன். "கேட்டுட்டு, நீ இப்ப பேசற போனை அவர்கிட்ட குடு. தரையில நின்னே வீட்டோட பேசட்டும்."